ஏலத்தில் எடுத்தது ஒன்று, கைக்கு வந்தது ஒன்று

இணைய ஏலத்தில் பொருள் எடுத்து, கிரெடிட் கார்டில் பணம் கட்டி, பிறகு மாட்டிக்கொண்டவர்களின் கடிதங்களே இம்முறை அதிகம். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்தும் சுருக்கியும் பதில் தந்திருக்கிறோம்.

கேள்வி: ஏலத்தில் ஒரு பழைய கேமரா லென்ஸ் எடுத்தேன். பணம் கட்டி ஆறு வாரம் ஆகிறது, பொருள் வரவில்லை. 'வங்கிக்குப் போன் போட்டு, இந்தப் பரிவர்த்தனையை நான் செய்யவில்லை என்று சொல்லிவிடு, பணம் சட்டென்று வந்துவிடும்' என்கிறார் நண்பர். செய்யலாமா?

வேண்டவே வேண்டாம். வந்த கடிதங்களில் பலருக்குக் காரியம் கெட்டதே இந்த ஒரு யோசனையால்தான்.

'நான் செய்யவில்லை' என்பது மோசடிப் புகார். சொன்ன கையோடு வங்கி உங்கள் கார்டை முடக்கிப் புது எண் போட்டுத் தரும். கையெழுத்திட்ட வாக்குமூலமும் கேட்கலாம். அடுத்து விவரம் கேட்டால் ஏலத் தளம் எதையெல்லாம் எடுத்து நீட்டும் என்று பாருங்கள். உங்கள் கணக்கிலிருந்து ஏலம் கேட்ட தேதி, நேரம், அப்போதைய ஐபி முகவரி, நீங்கள் வழக்கமாகப் பொருள் வாங்கும் அதே வீட்டு முகவரி, 'எப்போது அனுப்புவீர்கள்?' என்று விற்பவருக்கு நீங்களே எழுதிய செய்தி. பணம் கட்டும்போது ஓடிபி போட்டிருந்தால் இன்னும் மோசம். ஓடிபி போன்றவற்றால் கார்டுக்காரரைச் சரிபார்க்கும் '3டி செக்யூர்' முறையில் உறுதிசெய்த பரிவர்த்தனையில் மோசடிக்கான பொறுப்பு விற்றவரை விட்டுக் கார்டு தந்த வங்கிக்கு மாறிவிடும். அதாவது உங்கள் வங்கி அந்தப் புகாரை விற்றவர் பக்கம் தள்ளவே முடியாது; தன் கைக்காசைத் தர வேண்டிய வங்கி உங்களைத்தான் துருவிக் கேட்கும். பொய் என்று பதிவான பிறகு, 'சரி, உண்மையில் பொருள் வரவில்லை' என்று திரும்பி வந்தால் யார் காது கொடுப்பார்கள்?

கார்டு நிறுவனங்கள் ஒவ்வொரு வகைப் புகாருக்கும் ஒரு காரண எண் வைத்திருக்கின்றன. விசாவில் பொருள் வரவில்லை என்றால் 13.1. சொன்னபடி இல்லை, பழுது என்றால் 13.3. போலி என்றால் 13.4. ரீஃபண்ட் தருவதாக ஒப்புக்கொண்டு தராவிட்டால் 13.6. நான் செய்யவே இல்லை என்றால் 10.4. மாஸ்டர்கார்டில் முதல் நான்கும் 4853 என்ற எண்ணுக்குள் அடங்கிவிடும், மோசடி 4837. இதை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. ஆனால் எண்ணுக்கு எண் கேட்கப்படும் சான்று வேறு. எண் தப்பினால் நீங்கள் பாடுபட்டுச் சேர்த்த சான்று அத்தனையும் வீண்.

உங்களுடையது 13.1. வங்கியின் செயலியில் 'டிஸ்ப்யூட்' பகுதியில் 'பொருள் வரவில்லை' என்பதைத் தேர்ந்தெடுங்கள். விளக்கம் கேட்கும் கட்டத்தில் இவ்வளவு எழுதினால் போதும்:

"ஆர்டர் எண் இது. மார்ச் 3 அன்று ஏலம் முடிந்து, அன்றே இந்தக் கார்டில் முழுத் தொகையும் கட்டினேன். மார்ச் 20க்குள் பொருள் வரும் என்று தளம் காட்டியது. இன்று ஏப்ரல் 14, வரவில்லை. மார்ச் 24, ஏப்ரல் 2 ஆகிய நாள்களில் விற்பவருக்கு எழுதினேன், பதில் இல்லை. ஏப்ரல் 4 அன்று தளத்தில் புகார் கொடுத்தேன். ஏப்ரல் 11 அன்று மறுத்துவிட்டார்கள். பொருள் வராததால் முழுத் தொகையையும் திரும்பக் கோருகிறேன். இணைப்பு: ஏலப் பக்கம், ரசீது, செய்திகள், தளத்தின் பதில்."

'ஏமாற்றுக்காரன்', 'மன உளைச்சல்' எதுவும் வேண்டாம். படிப்பவர் தேடுவது தேதிகளை மட்டும்.

கேள்வி: முதலில் யாரிடம் போவது? விற்றவரிடமா, தளத்திடமா, வங்கியிடமா? மூன்று இடத்திலும் ஒரே நாளில் புகார் கொடுத்துவைத்தால் பாதுகாப்புதானே?

பாதுகாப்பு இல்லை, ஆபத்து. வங்கியில் சார்ஜ்பேக் போட்டது, அதாவது கார்டில் போன பணத்தை வங்கி வழியாகத் திரும்பக் கேட்டது, தெரிந்தவுடன் தளமும், இடையில் பணத்தைக் கைமாற்றும் பேபால் போன்ற நிறுவனமும் தங்களிடம் இருக்கும் புகாரை மூடிவிடும். ஒரே பணத்துக்கு இரண்டு இடத்தில் கை நீட்டக்கூடாது என்பது அவர்கள் விதி. பிறகு வங்கியில் தோற்றால் திரும்பிப் போக இடமில்லை. தளத்தில் தோற்றாலோ வங்கியின் கதவு பொதுவாகத் திறந்தே இருக்கும். அதனால் வரிசை இதுதான்: விற்றவர், தளம், கடைசியில் வங்கி.

இதில் வில்லன் காலண்டர். இபேயில் பொருள் வரவில்லை, சொன்னபடி இல்லை என்ற இரண்டுக்கும், வர வேண்டிய அல்லது வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் புகாரைத் தொடங்க வேண்டும். விற்பவருக்கு 3 வேலை நாள் தருவார்கள். அதற்குள் தீராவிட்டால் தளத்தையே தலையிடச் சொல்லலாம். பேபாலில் பணம் கட்டிய நாளிலிருந்து 180 நாள். ஆனால் அங்கே 'டிஸ்ப்யூட்' போட்டுவிட்டுச் சும்மா இருந்தால் 20 நாளில் அது தானாக மூடிக்கொள்ளும்; அதற்குள் 'கிளெய்ம்' ஆக உயர்த்த வேண்டும், அதாவது பேபாலையே தீர்ப்புச் சொல்லக் கேட்க வேண்டும். மூடியதை மறுபடி திறக்க முடியாது.

விற்பவர்களில் சிலருக்கு இந்தக் கணக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். 'வீட்டில் உடம்பு சரியில்லை, இன்னும் 10 நாள் பொறுங்கள்' என்பார். பிறகு 'அனுப்பிவிட்டேன், சுங்கத்தில் நிற்கிறது' என்பார். அதன் பிறகு, 'நீங்கள் புகாரை மூடினால்தான் என் கணக்கிலிருந்து ரீஃபண்ட் போட முடியும்' என்பார். இந்த மூன்றாவது சுத்தப் பொய். புகார் திறந்திருக்கும்போதே ரீஃபண்ட் போட முடியும். பணம் கணக்கில் ஏறும்வரை எதையும் மூடாதீர்கள்.

கார்டு பக்கம், விசாவிலும் மாஸ்டர்கார்டிலும் பெரும்பாலான புகார்களுக்கு 120 நாள். பொருள் வராத நேர்வில் அது பணம் கட்டிய நாளிலிருந்து அல்ல, பொருள் வந்திருக்க வேண்டிய நாளிலிருந்து ஓடும். எப்படியிருந்தாலும் பரிவர்த்தனை நடந்து 540 நாளைத் தாண்டக்கூடாது. மறுபுறம், அவசரப்பட்டாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள்: வந்து சேரும் தேதி எதுவும் சொல்லப்படாத பொருளுக்கு, விசா விதிப்படி வங்கி 15 நாள் காத்திருந்துதான் புகாரை மேலே அனுப்ப முடியும்.

இவை கார்டு நிறுவனங்களின் விதிகள். நாட்டுச் சட்டம் தனி. அமெரிக்காவில், தவறு இருக்கும் முதல் ஸ்டேட்மென்ட் அனுப்பப்பட்டு 60 நாளுக்குள் எழுத்தில் தெரிவித்தால் சட்டப் பாதுகாப்பு உண்டு. போனில் சொன்னது அந்தக் கணக்கில் சேராது. பிரிட்டனில் 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவு, 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரை விலையுள்ள பொருளுக்கு வங்கியையும் விற்றவருக்கு இணையான பொறுப்பாளி ஆக்குகிறது. ஆனால் நடுவில் வேறொரு நிறுவனம் புகுந்து பணத்தைக் கைமாற்றினால் வாங்கியவர், வங்கி, விற்றவர் என்ற இந்தச் சங்கிலி அறுந்துபோகக்கூடும். ஏலத் தளங்களில் சிக்கலே அதுதான்.

கேள்வி: டிராக்கிங்கில் 'டெலிவரி ஆகிவிட்டது' என்று காட்டுகிறது. என் வீட்டுக்கு எதுவும் வரவில்லை. தளம் என் புகாரைத் தள்ளுபடி செய்துவிட்டது. வங்கியும் அதையே சொல்லுமோ?

சும்மா விட்டால் அதையேதான் சொல்லும். ஆனால் இது பழகிய ஏமாற்று. உடைக்க வழி இருக்கிறது.

விற்பவர் ஒரு வெறும் உறையையோ விளம்பரத் தாளையோ உங்கள் அஞ்சல் குறியீட்டுக்குள் இருக்கும் வேறொரு முகவரிக்கு அனுப்புவார். டிராக்கிங் பக்கம் பெரும்பாலும் ஊரையும் குறியீட்டையும் மட்டும் காட்டும். கதவு எண்ணைக் காட்டாது. உங்கள் ஊரில் டெலிவரி, உங்கள் குறியீட்டில் டெலிவரி. தளத்தின் கணினிக்கு அவ்வளவு போதும், விற்பவர் ஜெயித்துவிடுவார்.

டிராக்கிங் எண்ணோடு கூரியர் அலுவலகத்துக்கு அல்லது அஞ்சலகத்துக்கு நேரில் போங்கள். மூன்று விஷயம் கேளுங்கள்: முழு முகவரி என்ன, பெறுபவர் பெயர் என்ன, பதிவான எடை எவ்வளவு. அடுத்தவர் முகவரியைச் சொல்லமாட்டோம் என்பார்கள், அது நியாயம். 'இந்த எண்ணுள்ள பார்சல் இன்ன பெயருக்கோ இன்ன முகவரிக்கோ வந்ததல்ல' என்று மட்டும் எழுதித் தரச் சொல்லுங்கள். கடிதத்தாளில், முத்திரையோடு, டிராக்கிங் எண்ணைக் குறிப்பிட்டு இருக்க வேண்டும். எடை அதைவிடப் பேசும். ஒன்றரை கிலோ லென்ஸுக்கு 30 கிராம் பார்சல் என்றால் விளக்கமே தேவையில்லை. டிராக்கிங்கின் விரிவான பக்கத்தில் பல நேரம் எடை இருக்கும். அதை இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவையுங்கள், அந்தப் பதிவுகள் சில மாதத்தில் மறைந்துவிடும்.

கையெழுத்து வாங்கி டெலிவரி செய்திருந்தால் அதன் நகலையும் கேளுங்கள். அது உங்கள் கையெழுத்து இல்லை என்பது உங்கள் கையெழுத்தோடு ஒப்பிட்டாலே தெரியும். இவற்றோடு முதலில் தளத்தில் மேல்முறையீடு, பிறகு வங்கி. உங்கள் முகவரிக்கே உண்மையில் வந்து, வாசலில் வைத்தது காணாமல் போயிருந்தால் கதை வேறு. அது விற்றவரின் குற்றம் ஆகாது. கார்டு வழியாக ஜெயிப்பது அரிது.

கேள்வி: 'நன்றாக ஓடுகிறது' என்று போட்டிருந்த கைக்கடிகாரம் ஓடவில்லை. கேட்டால், 'ஏலம் என்றால் உள்ளது உள்ளபடிதான், ரிட்டர்ன் கிடையாது என்று போட்டிருக்கிறேனே' என்கிறார்.

'உள்ளது உள்ளபடி' என்பதற்கும் ஓர் எல்லை உண்டு. 'ஓடுமா தெரியாது, சோதிக்கவில்லை' என்று போட்டிருந்தால் நீங்கள் தெரிந்தே துணிந்தீர்கள், பேச ஒன்றுமில்லை. 'ஓடுகிறது' என்று போட்டுவிட்டு ஓடாததை அனுப்பினால், பக்கத்தின் கீழே எத்தனை வரி எழுதியிருந்தாலும் அது சொன்னபடி இல்லாத பொருள். எல்லாம் விவரணையில் இருக்கும் ஒற்றைச் சொல்லில் நிற்கிறது. அதனால் ஏலத்தில் ஜெயித்த அன்றே அந்தப் பக்கத்தைப் படங்களோடு பிடிஎஃப்பாகச் சேமித்துவையுங்கள். பின்னால் பக்கம் மறைந்துபோகலாம்.

வங்கிக்கு இரண்டு பத்தியாகக் காட்டுங்கள்: இடப்பக்கம் அவர் எழுதியது, அப்படியே, வலப்பக்கம் நீங்கள் பெற்றது. கடிகாரம் பழுதுபார்ப்பவரிடம், 'எந்திரத்தில் இந்தப் பாகம் உடைந்திருக்கிறது' என்று ரசீதுத் தாளில் இரண்டு வரி வாங்குங்கள். ஆனால் பழுதுபார்க்கச் சொல்லிவிடாதீர்கள். கை வைத்த பொருளை 'வாங்கியவரே கெடுத்தார்' என்று சொல்வது சுலபம்.

பலர் கோட்டைவிடுவது திருப்பி அனுப்பும் இடத்தில். 13.3இன் கீழ் பொருளைத் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும், அல்லது அனுப்ப முயன்றிருக்க வேண்டும். பொருளையும் வைத்துக்கொண்டு முழுப் பணத்தையும் கேட்டால் எந்த வங்கியும் ஏற்காது. 'திருப்பி அனுப்பத் தயார், முகவரி தாருங்கள்' என்று தளத்தின் செய்திப் பெட்டியிலேயே எழுதுங்கள். போனிலோ வாட்ஸாப்பிலோ வேண்டாம். அவர் மறுத்தாலும், பதிலே தராவிட்டாலும், அந்தச் செய்திதான் உங்கள் சான்று. அனுப்பினால் டிராக்கிங்கோடு, தளம் காட்டும் முகவரிக்கு மட்டும் அனுப்புங்கள். 'என் மச்சான் வீட்டுக்கு அனுப்புங்கள்' என்று வேறு முகவரி தந்து, பிறகு 'எனக்கு வரவில்லை' என்பதும் நடக்கிறது. அனுப்பிய பிறகு 15 நாள் ரீஃபண்டுக்குப் பொறுத்துவிட்டுத்தான் வங்கி புகாரை நகர்த்தும்.

பெட்டியைப் பிரிக்கும்போது வீடியோ எடுப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. முகவரிச் சீட்டும், ஒட்டுநாடா கிழியாமல் இருப்பதும் முதலில் தெரிய வேண்டும். வெட்டாமல் ஒரே ஓட்டமாக இருக்க வேண்டும். பாதியிலிருந்து தொடங்கும் வீடியோ யாருக்கும் எதையும் நிரூபிக்காது.

கேள்வி: கைப்பை போலி என்று தெரிகிறது. இதையும் திருப்பித்தான் அனுப்ப வேண்டுமா?

கார்டுப் புகாருக்குத் தேவையில்லை. போலிக்கு விசாவில் தனி எண், 13.4; அதில் திருப்பி அனுப்பும் நிபந்தனை கிடையாது. பல நாடுகளில் போலியை அஞ்சலில் அனுப்புவதே சிக்கல். ஆனால் உங்களுக்குத் 'தெரிவது' போதாது. அந்தப் பிராண்டின் உரிமையாளர், சுங்கத் துறை, அல்லது அந்தப் பொருளை மதிப்பிடத் தகுதியுள்ள ஒரு நிபுணர் எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும். எழுத்து கிடைக்காவிட்டால் 13.4ஐ விட்டுவிட்டு, 'அசல் என்று விவரித்தார், அப்படி இல்லை' என்று 13.3இல் போங்கள். அப்போது திருப்பித் தரும் முயற்சி மறுபடி கட்டாயம்.

கேள்வி: நான் கேட்ட ஏலத்தொகையைவிடக் கார்டில் அதிகமாக எடுத்திருக்கிறார்கள்.

பெரும்பாலும் கொள்ளை இல்லை. ஏல நிறுவனங்கள் முடிந்த விலைக்கு மேல் 'பையர்ஸ் பிரீமியம்' என்று ஒரு சதவீதம் வாங்கும். ஏல நிபந்தனைகளில் அது எழுதியிருக்கும். அதன்மேல் வரி, அனுப்பும் செலவு. இன்வாய்ஸை வரி வரியாகக் கூட்டிப் பாருங்கள். நிபந்தனையிலும் இன்வாய்ஸிலும் இல்லாத தொகை இருந்தால் அந்த வித்தியாசத்துக்கு மட்டும் 'தவறான தொகை' என்று புகார் கொடுங்கள். முழுத் தொகைக்கும் கொடுத்தால் முழுதும் தள்ளுபடி ஆகலாம்.

வெளிநாட்டு நாணயத்தில் எடுத்திருந்தால் முதலில் மாற்று விகிதத்தையும் வங்கியின் கட்டணத்தையும் கழியுங்கள். ரீஃபண்ட் வரும்போதும் அன்றைய விகிதத்தில்தான் வரும். நாலு காசு குறைந்தால் அதற்காக விற்றவரோடு சண்டை போட முடியாது.

கேள்வி: புகார் கொடுத்த சில நாளில் பணம் வந்துவிட்டது. ஒன்றரை மாதம் கழித்துத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். இது என்ன நியாயம்?

முதலில் வந்தது தற்காலிக வரவு, தீர்ப்பு இல்லை. ஸ்டேட்மென்டிலேயே 'புரொவிஷனல்' என்றோ 'டெம்பரரி' என்றோ இருந்திருக்கும். புகார் விற்றவரின் வங்கிக்குப் போனதும் பதில் சொல்ல விசாவில் 30 நாள், மாஸ்டர்கார்டில் 45 நாள் அவகாசம். அவர் சான்றோடு மறுத்தால் உங்கள் வங்கி அந்தக் காகிதங்களை உங்களுக்கு அனுப்பிப் பதில் கேட்கும். அந்த மின்னஞ்சல் பெரும்பாலும் விளம்பரங்களுக்கு நடுவே வந்து விழும். கெடு சில நாள்தான். பதில் வராவிட்டால், 'வாடிக்கையாளர் ஒப்புக்கொண்டார்' என்று எடுத்துக்கொள்வார்கள். உங்களுக்கு நடந்தது அதுவாகத்தான் இருக்கும்.

இப்போதும் வங்கிக்கு எழுதி, விற்றவர் தந்த சான்றின் நகலைக் கேளுங்கள். அதில் ஓட்டை இருந்தால், அதாவது டிராக்கிங் எண் வேறு, முகவரி வேறு, படம் வேறு பொருளுடையது என்றால், அதை மட்டும் சுட்டிக்காட்டி மறு ஆய்வு கேளுங்கள். பழைய புகாரையே திரும்ப எழுதினால் பயனில்லை.

இன்னொன்று: புகார் நிலுவையில் இருந்தாலும் பில்லின் மீதித் தொகையைக் கட்டாமல் விடாதீர்கள். மறுத்த தொகையை நிறுத்திவைக்க வங்கி எழுத்தில் ஒப்புக்கொண்டால் அதை மட்டும் விடலாம். 'கேஸ் போட்டிருக்கிறேன்' என்று மினிமம் டியூவையே கட்டாதவர்களுக்கு வட்டியும் தாமதக் கட்டணமும் ஏறியதுதான் மிச்சம்.

கேள்வி: ஏலத்தில் தோற்றேன். மறுநாள் விற்பவர் மின்னஞ்சலில், 'ஜெயித்தவர் பின்வாங்கிவிட்டார், உங்களுக்கே தருகிறேன், தளத்துக்கு வெளியே கட்டினால் விலை குறையும்' என்றார். வாலட்டில் கார்டு வழியாகப் பணம் ஏற்றி அனுப்பிவிட்டேன்.

இதில் மீட்பது கடினம், ஏன் என்று சொல்லிவிடுகிறோம். உங்கள் கார்டு பணம் கொடுத்தது விற்பவருக்கு இல்லை, வாலட்டுக்கு. வாலட் நீங்கள் கேட்டபடி தொகையை ஏற்றித் தந்துவிட்டது. அந்தப் பரிவர்த்தனையில் குறை எதுவும் இல்லை. அங்கிருந்து போனது கார்டு விதிகளுக்கு வெளியே. தளத்துக்கு வெளியே நடந்ததால் தளத்தின் உத்தரவாதமும் கிடையாது. பேபாலில் 'நண்பர், குடும்பம்' என்று அனுப்பும் பணத்துக்கும் வாங்குபவர் பாதுகாப்பு இல்லை. அப்படி அனுப்பச் சொல்பவர் அதைத் தெரிந்துதான் சொல்கிறார். இப்போது செய்யக்கூடியது, வாலட் நிறுவனத்துக்கு உடனே புகார் கொடுத்துப் பெறுபவரின் கணக்கை முடக்கச் சொல்வதும், காவல் துறையின் சைபர் பிரிவில் பதிவுசெய்வதும். பணம் இன்னும் வெளியே எடுக்கப்படாமல் இருந்தால் வாய்ப்பு உண்டு. அதனால் இந்தப் பக்கத்தைப் படித்து முடிப்பதற்கு முன்பே போனை எடுங்கள். அந்த மின்னஞ்சலையும் தளத்துக்கு அனுப்பிவையுங்கள். தோற்றவருக்கு விற்பவர் முறைப்படி தரும் உண்மையான இரண்டாம் வாய்ப்பு என்றால் அது தளத்தின் செய்திப் பெட்டியிலும் தெரியும்.

கேள்வி: விற்பவரே வேறு பெயரில் ஏலம் கேட்டு விலையை ஏற்றியதாகச் சந்தேகம். சார்ஜ்பேக் போடலாமா?

முடியாது. அப்படி ஒரு காரண எண்ணே இல்லை. பொருள் சொன்னபடி வந்துவிட்டது, விலைக்கு நீங்களே சம்மதித்தீர்கள். வங்கி அதற்கு மேல் பார்க்காது. ஏலம் கேட்டவர்களின் பட்டியலோடு தளத்திடம் புகார் கொடுங்கள். ஒரே பயனர் இந்த விற்பவரின் ஏலங்களில் மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டு, ஒன்றிலும் ஜெயிக்காமல் போவதைச் சுட்டிக்காட்டினால் விசாரிப்பார்கள்.

கேள்வி: என் பையன் என் கணக்கில் ஏலம் கேட்டு ஜெயித்துவிட்டான், சேமித்திருந்த கார்டில் பணம் போய்விட்டது.

இது மோசடி ஆகாது. உங்கள் சாதனம், உங்கள் கணக்கு, உங்கள் வீடு. விற்பவருக்கு இன்றே எழுதி, அனுப்புவதற்கு முன் ரத்து செய்யக் கேளுங்கள். அனுப்பாத பொருளைப் பலர் மனமிரங்கி ரத்து செய்கிறார்கள். அனுப்பிவிட்டால் அவர் ரிட்டர்ன் ஏற்பவரா என்று பாருங்கள். இல்லையென்றால் பொருளை வாங்கி மறுபடி ஏலத்தில் விட்டுவிடுங்கள். கையோடு கணக்கிலிருந்து கார்டை நீக்கிவிடுங்கள்.